கிரேனின் இடது பக்கம்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. காலை 4.40க்கு எர்ணாவூர் லாயத்தின் தகரக் கதவைத் திறந்தேன். ஆறு குதிரைகள், ஆறு வாளிகள். நான்கு காலி, ஒன்று பாதி, ஒன்று தொடப்படவே இல்லை. தொடாத வாளியில் புறா இறகு மிதந்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைத்ததும் குதிரை குடித்தது. இரவில் போட்ட லத்தி ஆறு இடத்திலும் சரியாக இருந்தது, இளக்கம் இல்லை. 5.10க்கு ஊறவைத்த கொள்ளும் தவிடும் வைத்தேன். 6 மணிக்குக் குளம்புகளைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு லாடத்தில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது. மாலையில் இரண்டு மாப்பிள்ளை ஊர்வலம் இருந்தது, தண்டையார்பேட்டையில் ஒன்று, வியாசர்பாடியில் ஒன்று.

ஏழாவது இடம் காலி. அங்கே நின்ற கிரேன் என்ற ஆண் குதிரையை இரண்டு வாரத்துக்கு முன்புதான் செங்குன்றம் தாண்டி இருக்கும், குதிரையேற்றப் போட்டிகளுக்குப் பழக்கும் ஒரு லாயத்துக்கு அனுப்பியிருந்தோம்.

முழங்கால் தேய்ந்துபோனதால் இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன். லாயத்து முதலாளி ஹனீபா பாய் புதிதாக எடுத்திருக்கும் உங்கள் மூன்று பேரிடமும் என் நோட்டுகளைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். கொள்ளு எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், வயிற்று வலி வந்த குதிரையை எப்படி நடத்த வேண்டும் என்பதையெல்லாம் அதில் நீங்களே படித்துக்கொள்ளலாம். நோட்டில் எழுதாமல் விட்டுப்போன ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கிரேன் நம் லாயத்திலேயே பிறந்தவன். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒன்றை ஊர்வலத்துக்காக ஹனீபா பாய் வாங்கினார். வாங்கும்போதே அது வயிற்றில் குட்டியோடு இருந்தது யாருக்கும் தெரியாது. குட்டி பிறந்தபோது கால்தான் முதலில் கண்ணில் பட்டது. அவ்வளவு நீளம். துறைமுகத்துக் கிரேன் மாதிரி இருக்கிறான் என்று செல்வம் சொன்னான், பெயர் நிலைத்துவிட்டது. செல்வம் நம் லாயத்தின் மூத்த சைஸ், குதிரைகளைப் பராமரித்துப் பழக்குகிறவன். கிரேனுக்கு முகக்கயிறு மாட்டியதிலிருந்து முதுகில் முதலில் ஏறியதுவரை எல்லாம் அவன்தான்.

ஆனால் கிரேன் செம்பழுப்பு நிறம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைதான் கேட்பார்கள். மேலும் வளர்ந்த ஆண் குதிரை. பெட்டைகளுக்கு நடுவில் பேண்டு வாத்தியத்தோடு தெருவில் விட முடியாது. நான்கு வயதாகியும் அவனுக்கு நம்மிடம் ஒரு வேலையும் இல்லை. தண்ணீர்த் தொட்டியை அவன் தாண்டிக் குதித்ததைச் செல்வம் போனில் படம் பிடித்தான். கால்நடை டாக்டர் மூலமாக அந்தப் படம் போட்டி லாயத்து மாஸ்டரிடம் போனது. அவர் ராணுவத்தில் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நேரில் வந்து பார்த்தார். "ஒரு மாசம் வச்சுப் பார்க்கிறேன். சரிப்பட்டு வந்தா தடை தாண்டுற போட்டிக்குத் தயார் பண்றேன். இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

பாய் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "தோ பாரும்மா வசந்தா, போனா போனதுதான். திரும்பி வந்தான்னா ரோட்டு ரேஸ்காரன் கையில குட்துருவேன். எனுக்கு வேற வழி இல்ல."

விடியற்காலையில் நெடுஞ்சாலையில் வண்டி பூட்டி, இரண்டு பக்கமும் பைக்குகள் ஹாரன் அடித்துத் துரத்த ஓட்டுகிற பந்தயம் அது. அப்படி ஓடிய ஒரு குதிரையின் முழங்காலை நான் கழுவிக் கட்டியிருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. பாய் கல்நெஞ்சக்காரர் அல்ல. வேலையில்லாத ஆண் குதிரையை ஏழாவது இடத்தில் எத்தனை வருடம் வைத்திருக்க முடியும் என்பது அவருடைய கேள்வி.

ஜூன் 27 அன்று கிரேனை அனுப்பும்போது கூடவே நான்கு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்குத் தீனி, எந்த உயரத்தில் வாளி, எந்தக் கால் குளம்பு சீக்கிரம் தேய்கிறது, கப்பல் சங்குக்குக் காது திருப்புவான், பயப்பட மாட்டான், பிளாஸ்டிக் பை பறந்தால் பயப்படுவான் என்று எல்லாம் எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 11 காலை 10.15க்கு மாஸ்டர் போன் செய்தார்.

"மேடம், குதிரையை எடுத்துக்குங்க. நேத்து என் ஆளை உதைச்சிருக்கு. மணிக்கட்டுல எலும்பு விரிசல் விட்டிருக்கு. பதினாலு நாள் பொறுத்துப் பார்த்துட்டேன். பக்கத்துல போனாலே சுத்துது. இது பழகுற குதிரை இல்லை."

பாயிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. போனை எடுத்து இரண்டு பேரிடம் பேசினார். ஒருவர் வேன்காரர். இன்னொருவர் யார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"ரேஸ்காரன் சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லிக்கீறான். நீயும் செல்வமும் போய் ஏத்திக்கினு வந்துருங்க."

வேனின் முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து போனோம். குறிப்பின் நகலை மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை என்றுதான் தோன்றியது.

"அத்த இன்னாத்துக்குக்கா படிச்சிக்கினு கீற?" என்றான் செல்வம். "என் புள்ள யாரையும் அடிக்க மாட்டான். அவனுங்கதான் இன்னாவோ பண்ணிக்கீறானுங்க. நான் போய் நின்னா தெரிஞ்சுடும்."

12.20க்குப் போய்ச் சேர்ந்தோம். சுத்தமான இடம். வரிசையாகக் கொட்டடிகள், ஒவ்வொரு கதவிலும் பெயர்ப்பலகை. கிரேன் இருந்த கதவில் 'நார்த் ஸ்டார்' என்று எழுதியிருந்தது.

"இன்னாக்கா இது, வூட்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரா?" என்றான் செல்வம். நான் சிரிக்கவில்லை. கதவின் உட்புறப் பலகையில் உதைத்த தடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. பார்த்தும் எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அடிபட்ட சைஸின் பெயர் முருகேசன். கட்டுப்போட்ட கையை உயர்த்திக் காட்டினார். "வாங்க, வாங்க. உங்க வீட்டுப் பிள்ளை குடுத்த வளையல்."

செல்வம் யாரையும் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கிரேன் அவன் சட்டையை முகர்ந்துவிட்டுத் தலையைத் தாழ்த்தினான். செல்வம் முகக்கயிற்றை மாட்டினான், கழுத்தைத் தட்டினான், எங்களைப் பார்த்துத் திரும்பினான். "இன்னா சார், இவனா உதைக்கிறவன்? நாய்க்குட்டி சார் இவன்."

அந்த நேரத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அது தவறு என்று மாஸ்டரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"இதுதான் மேடம் எனக்கு வேண்டாம்கிறது. ஒரே ஆளுக்கு அடங்குற குதிரையை வச்சு நான் என்ன பண்ணுவேன்? இங்க பதினஞ்சு, பதினாறு வயசுப் பிள்ளைங்க ஏற வர்றாங்க. நேத்து மணிக்கட்டு. நாளைக்கு ஒரு குழந்தையோட தலையா இருந்தா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நம் குதிரை நல்ல குதிரை என்று காட்ட நம் ஆளையே உள்ளே அனுப்பினோம். அதனால் குதிரை நல்லது என்று நிரூபணம் ஆகவில்லை. மற்ற எல்லோருக்கும் அது ஆபத்து என்றுதான் நிரூபணம் ஆனது. நீங்களும் ஒரு நாள் இதைச் செய்யப் போவீர்கள். செய்யாதீர்கள்.

வேன்காரர் பின்கதவைத் திறந்து பலகையை இறக்கினார். செல்வம் கிரேனை நடத்திக்கொண்டு வெளியே வந்தான். அதே நேரத்தில் பயிற்சி முடிந்து மூன்று குதிரைகள் எதிரே வந்தன. மூன்றையும் நடத்தி வந்தவர்கள் குதிரையின் இடது தோளருகே நடந்தார்கள். செல்வம் ஒருவன் மட்டும் வலது தோளருகே நடந்தான்.

நான் நின்றுவிட்டேன்.

நம் சாலையை யோசித்துப் பாருங்கள். எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் பக்கம் குதிரையை நடத்திப் போகும்போது சாலையின் இடது ஓரமாகப் போகிறோம். வலது பக்கம் கன்டெய்னர் லாரிகள். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு டிரெய்லர் உரசி நம் குதிரை ஒன்றின் விலா கிழிந்தது. அன்றிலிருந்து ஆள் வலது பக்கம், லாரிக்கும் குதிரைக்கும் நடுவில். யாரும் உத்தரவு போடவில்லை. செல்வத்துக்கு முன் இருந்தவர்கள் அப்படி நடந்தார்கள், செல்வம் அப்படி நடந்தான். லாயத்திலும் குதிரைகள் இடது விலா சுவர் ஓரமாக நிற்கும்படிதான் கட்டப்படுகின்றன. முகக்கயிறு, சேணம், ஏறுவது, இறங்குவது எல்லாமே வலது பக்கம். இடது பக்கம் தேய்க்க வேண்டுமானால் வலது தோளில் வைத்த கையை எடுக்காமல் மார்பு வழியாக நகர்த்திக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றிப் போவோம். நம் வெள்ளைக் குதிரைகள் வேறு இடங்களில் பழகி வந்தவை, அவற்றுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். கிரேன் இங்கேயே பிறந்தவன். அவனுக்கு நான்கு வயதுவரை இடது பக்கத்திலிருந்து நேராக ஒரு மனிதன் வந்ததே இல்லை. அந்தப் பக்கம் இருந்தது சுவர் மட்டும்தான்.

உலகம் முழுவதும் குதிரை வேலை இடது பக்கத்தில்தான் தொடங்குகிறது. மாஸ்டருக்கும் முருகேசனுக்கும் வேறு பக்கம் ஒன்று இருப்பதாகவே தோன்றியிருக்காது. எங்களுக்கும் அப்படியே. பிளாஸ்டிக் பையைப் பற்றி எழுதிய நான் இதை எழுதவில்லை.

"செல்வம், ஏத்தாதே. நில்லு" என்றேன். "மாஸ்டர், எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க. தப்பு குதிரை மேல இல்லை. என் குறிப்பு மேல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்."

லாரியையும் சுவரையும் பற்றி எல்லோருக்கும் சுருக்கமாகச் சொன்னேன். திறந்த மணல்தரையில் செல்வத்தை வலது பக்கம் கயிற்றோடு நிற்க வைத்தேன். நான் தள்ளி நடந்துபோய், பின்னங்கால் எட்டாத தூரமாகப் பார்த்து, இடது பக்கத்திலிருந்து கிரேனின் தோளை நோக்கி வந்தேன். பிறந்த நாளிலிருந்து அவனுக்குத் தீனி வைத்தவள் நான். நான்கு அடி இருக்கும்போதே கண்ணின் வெள்ளை தெரிந்தது. மூக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டு, உடம்பை வில்லாக வளைத்து, செல்வத்தை இழுத்துக்கொண்டு ஒரு முழுச்சுற்று சுற்றினான். பின்னங்கால் காற்றை உதைத்தது. அந்த மணல் என் முகத்தில் வந்து விழுந்தது.

"டேய் கஸ்மாலம், அக்காடா அது! சோறு போட்ற கைடா!" என்று செல்வம் கத்தினான். அவன் முகத்தில் அப்படி ஒரு அதிர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாஸ்டர் வேலி மேலிருந்து கையை எடுத்தார். ஆனால் இது பாதி நிரூபணம்தான். சொந்த ஆளையும் உதைக்கிற குதிரை என்றுகூட அவர் முடிவு செய்யலாம். நம் லாயத்தைச் சேராத ஒருவர் வலது பக்கத்திலிருந்து போய் நிற்க வேண்டும். அங்கே அதற்குச் சரியான ஆள் முருகேசன் ஒருவர்தான். குதிரை அவரைப் பதினாலு நாளாக வெறுத்திருக்கிறது.

"அண்ணே," என்றேன், "உங்களைப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வலது பக்கமா, செல்வம் நிக்கிற இடத்துல போய் நின்னீங்கன்னா போதும். வேண்டாம்னா நான் குதிரையை ஏத்திக்கிட்டுப் போயிடறேன்."

"எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரு கைம்மா."

"தெரியும்ணே."

அவர் மாஸ்டரைப் பார்த்தார். "உன் இஷ்டம் முருகேசா" என்றார் மாஸ்டர். முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டினார். "இதையும் முறிச்சுச்சுன்னா இந்த அம்மாதான் எனக்குச் சோறு ஊட்டணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

வலது பக்கமாக, மெதுவாகப் போனார். செல்வம் கயிற்றை அவர் நல்ல கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தான். கிரேன் காதை ஒருமுறை பின்னுக்கு மடித்தான். பிறகு நிமிர்த்தினான். கட்டுத்துணியின் மருந்து வாசனையை முகர்ந்தான். முருகேசன் ஓர் அடி வைத்தார். கிரேனும் வைத்தான். மணல்தரையை முழுதாக ஒரு சுற்று வந்தார்கள்.

திரும்பி வந்ததும் முருகேசன் மாஸ்டரிடம் சொன்னார்: "இது உதைக்கிற குதிரை இல்லீங்க. நாமதான் தினம் சுவரு வழியா வந்திருக்கோம்."

நான் விளக்கிச் சொன்னதையெல்லாம் விட அந்த ஒரு வரி நன்றாக இருந்தது. அவருக்குச் சுவரைப் பற்றி நான் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

மாஸ்டர் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். "பதினாலு நாள் பார்த்திருக்கேன். எனக்கும் தெரியலை" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா மேடம், காரணம் தெரிஞ்சதால குதிரை மாறிடாது. போட்டிக்கு வந்தா எல்லாம் இடது பக்கம்தான். மீதி பதினாறு நாள் இருக்கு. அதுக்குள்ள என் ஆள் இடது பக்கமா வந்து சேணம் போட்டு, அந்தப் பக்கமே ஏறணும். பழக்கினவங்களே வந்து மாத்திக் குடுங்க. தினம் காலைல அஞ்சு மணிக்கு. ஒரு நாள் வரலைன்னாலும் வேன்தான்."

"வர்றோம்" என்றேன். பாயிடம் கேட்காமல், செல்வத்திடமும் கேட்காமல்தான் சொன்னேன்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். "இன்னாம்மா, ஏத்துறீங்களா இல்லியா? மணலியில வேற லோடு கீது எனுக்கு."

முடிவெடுக்க வேண்டிய நேரம் அதுதான். பாய்க்கு முதலில் போன் செய்தால், நாலு மணிக்கு ஆள் வருகிறான், ஏற்றிக்கொண்டு வா என்பார். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் என்னால் மீற முடியாது. அவர் குதிரை, அவர் லாயம். அதனால் வேனைக் காலியாக அனுப்பினேன். அது வாசலைத் தாண்டிய பிறகுதான் போன் செய்தேன். முதலாளியைக் கேட்காமல் முடிவெடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. என் பத்து வருட வேலையில் இப்படிச் செய்தது ஒரே ஒரு முறை. பாய் அன்றே என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் நான் வாதாடியிருக்க மாட்டேன்.

"யாரைக் கேட்டு வேனை அனுப்ச்சே?" என்றார் பாய்.

"யாரையும் கேக்கலை பாய். குறிப்புல நான்தான் தப்பு பண்ணியிருக்கேன்." நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"நீ எழுதினதுல தப்பா?" என்றார் கடைசியில். "தேதி போட்டு வையும்மா. அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க."

"பாய், திங்கட்கிழமை ஆடி பொறக்குது. ஒரு மாசத்துக்கு ஊர்வலமே குறைவு. செல்வத்தை அனுப்பலாம். அதுவரைக்கும் இருக்கிற அஞ்சு நாளும் ஊர்வலம் சாயங்காலம்தான். காலைல நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடறோம்."

"நாலு மணிக்கு வர்றவன் கையில இன்னான்னு சொல்றது நானு?"

"குதிரை இங்க இல்லைன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "பதினாறு நாளு. அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்ல, வசந்தா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேருந்தில் திரும்பி வரும்போது செல்வம் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு வருசமா ஒரு பக்கம்தான் காட்டிக்கீறேன்கா அவனுக்கு" என்றான். உன் மேல் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டான். காலை நாலேகாலுக்குத் தயாராக இரு என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் ஒரு குதிரையை வேறு லாயத்துக்கு அனுப்பக் குறிப்பு எழுதும்போது, குதிரையை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். அதனிடம் போகும்போது உங்கள் கால் எங்கே நிற்கிறது, எந்தக் கை முதலில் நீள்கிறது என்று உங்களையும் பார்த்து எழுதுங்கள். உங்களுக்கே அது தெரியாது. பக்கத்தில் வேறு ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆள் நம் லாயத்து ஆளாக இருக்கக் கூடாது.

ஜூலை 12, புதன்கிழமை. காலை 4.58க்கு நானும் செல்வமும் அங்கே இருந்தோம். மாஸ்டர் எங்களுக்கு முன்பே வந்து வேலியோரம் நின்றிருந்தார். செல்வம் கிரேனின் வலது பக்கம் நின்று கழுத்தில் கை வைத்துக்கொண்டான். நான் இடது பக்கத்திலிருந்து, அரை அடி அரை அடியாக, நின்று நின்று போனேன். தோளருகே போக இருபது நிமிடம் ஆனது. ஒரே ஒரு விரலை அந்தத் தோளில் வைத்தேன். ஈ உட்கார்ந்தது போலத் தோல் துடித்தது. மூன்றுவரை எண்ணிவிட்டு, அவன் நகர்வதற்கு முன் நானே விரலை எடுத்தேன்.